ஆக்வொர்த் பெற்றோருக்கு: நம் மௌனக் கூட்டம் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தக் கல்வியாண்டில் ஆக்வொர்த் பள்ளியில் பிள்ளைகளைப் புதிதாகச் சேர்த்திருக்கும் பலருக்கும் நம் மௌன வழிபாட்டுக் கூட்டத்தைப் பற்றி ஒரே கேள்வி இருக்கிறது. "கூட்டத்தில் பிரசங்கம் கிடையாது, பாட்டு கிடையாது, முன்னால் நின்று நடத்த ஒரு போதகர்கூடக் கிடையாது. எல்லோரும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்களே, எதற்கு?" நியாயமான கேள்விதான். பள்ளி எப்படித் தொடங்கியது என்பதிலிருந்து சொன்னால்தான் என் பதில் உங்களுக்குப் புரியும்.

பிள்ளைகளை விட வரும்போது நீங்கள் பார்க்கும் பழைய கல் கட்டடம் பள்ளிக்காகக் கட்டப்பட்டதல்ல. தாமஸ் கோரம் என்ற கப்பல் தலைவர் லண்டனில் தொடங்கிய, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான காப்பகத்தின் யார்க்‌ஷயர் கிளை அது. 1756-இல் நாடாளுமன்றம் அந்தக் காப்பகத்துக்குப் பணம் ஒதுக்கி, வாசலுக்கு வரும் எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்றது. நான்கு ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய 15,000 பச்சிளம் குழந்தைகள் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. பிழைத்தவர்களை வைத்து வளர்க்க நாட்டின் பல பகுதிகளில் கிளைகள் தேவைப்பட்டன. இங்கே வந்தவர்கள் கம்பளித் துணி நெய்யக் கற்றார்கள். அப்புறம் அரசுப் பணம் நின்றது, பிள்ளைகளின் வரவும் குறைந்தது. 1773-இல் இந்தக் கிளையை மூடிவிட்டார்கள்.

காலியாகக் கிடந்த அந்த இடத்தைப் பள்ளியாக்கலாம் என்று நினைத்தவர் டாக்டர் ஜான் ஃபாதர்கில். யார்க்‌ஷயரில் குவேக்கர் (போதகர் இல்லாமல் மௌனமாக வழிபடும் கிறிஸ்தவப் பிரிவு) குடும்பத்தில் பிறந்தவர், லண்டனின் பெயர்பெற்ற மருத்துவர், பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் நண்பர். அவர் எடின்பரோவில் மருத்துவம் படித்தார். குவேக்கர்களுக்கு இங்கிலாந்தின் இரண்டு பழைய பல்கலைக்கழகங்களும் அன்று எட்டாதவை. ஆங்கிலத் திருச்சபையின் 39 கோட்பாடுகளை ஏற்றுக் கையெழுத்திடாதவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டில் இடமில்லை, கேம்பிரிட்ஜில் பட்டமில்லை. கதவடைக்கப்பட்ட ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்குத் தானே பள்ளி கட்ட வேண்டியிருந்தது.

வசதியான குவேக்கர்கள் எப்படியோ சமாளித்தார்கள். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளைப் பற்றித்தான் ஃபாதர்கில் கவலைப்பட்டார். நண்பர்களோடு சேர்ந்து கட்டடத்தையும் 84 ஏக்கர் நிலத்தையும் 7,000 பவுண்டுக்கு வாங்க ஏற்பாடு செய்தார். 1779 அக்டோபரில் பள்ளி திறந்தது. முதல் நாளிலிருந்தே சிறுவர்களுக்கும் சிறுமிகளுக்கும் இடம் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த ஆண்டின் இறுதியில் ஃபாதர்கில் காலமானார். "தனக்காக அல்ல, எல்லோருக்காகவும்" என்ற நம் பள்ளி வாசகத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

சரி, மௌனத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு மனிதருக்குள்ளும் கடவுளின் ஒளி இருக்கிறது என்பது குவேக்கர் இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் 1650-களில் ஊர் ஊராகச் சொன்ன செய்தி. அது உண்மையென்றால், கடவுளின் சொல்லை ஒருவர் மட்டும் மேடையில் நின்று சொல்ல, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பது எப்படிப் பொருந்தும்? ஆகவே எல்லோரும் ஒன்றாக உட்காருகிறார்கள். யாருக்காவது சொல்லியே ஆக வேண்டிய ஒன்று மனதில் எழுந்தால் எழுந்து நின்று சொல்கிறார். அது பதினொரு வயதுச் சிறுமியாக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம், சமையலறையில் வேலை செய்பவராக இருக்கலாம். மறுத்துப் பேசுவதோ விவாதிப்பதோ இல்லை. எல்லோரும் சமம் என்று நம்பி, நீதிபதி முன்னால்கூடத் தொப்பியைக் கழற்ற மறுத்துச் சிறைக்குப் போனவர்களின் வழக்கம் இது. பேசுகிறவர் யார் என்று பார்க்காமல் பேச்சைக் கேட்கும் பழக்கத்தை இதைவிட நன்றாகக் கற்றுத்தரும் பாடம் எதையும் நான் பார்த்ததில்லை.

பழைய ஆக்வொர்த்தை நான் புகழ்ந்து மட்டும் பேச மாட்டேன். தொடக்கக் காலத்தில் இங்கே விடுமுறையே கிடையாது. பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் வீட்டைப் பார்க்காமல் இருந்தார்கள். சிறுவர்கள் ஒரு பக்கம், சிறுமிகள் ஒரு பக்கம். இசை வீண் பகட்டு என்று அந்தக் கால குவேக்கர்கள் ஒதுக்கினார்கள். இன்று வகுப்பறைகளிலிருந்து வயலின் சத்தம் கேட்கிறது, அதில் எனக்கு மகிழ்ச்சிதான். முன்னோர் சொன்னார்கள் என்பதற்காகவே ஒன்றைப் பிடித்துக்கொண்டிருப்பது குவேக்கர் வழி அல்ல.

இங்கே 1822-இல் படித்த ஜான் பிரைட்டைப் பற்றியும் பிள்ளைகளிடம் பேசுங்கள். ரொட்டி விலையை ஏற்றிய தானியச் சட்டங்களை எதிர்த்துப் போராடி, 1846-இல் அவை நீக்கப்படக் காரணமானவர்களில் ஒருவர். ரஷ்யாவுக்கு எதிரான கிரிமியப் போரை நாடே கொண்டாடியபோது நாடாளுமன்றத்தில் எழுந்து அதை எதிர்த்தார். 1857 தேர்தலில் மான்செஸ்டர் தொகுதியை இழந்தார். அடுத்த ஆண்டு, இந்தியாவை ஒரே கவர்னர் ஜெனரலின் கீழ் வைக்காமல், சென்னை உட்பட ஐந்து மாகாணங்களாகப் பிரித்துத் தனித்தனியே ஆளவிட வேண்டும் என்று பேசினார். அதையும் நாடாளுமன்றம் ஏற்கவில்லை. வாக்குகளைவிட மனசாட்சியைப் பெரிதாக நினைத்தவர் அவர்.

உங்களில் பெரும்பாலோர் குவேக்கர்கள் அல்ல. இந்து, முஸ்லிம், கத்தோலிக்கப் பிள்ளைகளும் எந்த மதமும் இல்லாத பிள்ளைகளும் கூட்டம் நடக்கும் அரங்கில் ஒன்றாக உட்காருகிறார்கள். யாரையும் குவேக்கராக மாற்றும் எண்ணம் எங்களுக்கு இல்லை. தன் வழக்கப்படி மனதுக்குள் ஜெபிக்கலாம், யோசிக்கலாம், சும்மாவும் இருக்கலாம். முதல் சில வாரங்கள் நெளிவார்கள், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதற்காக நீங்கள் கண்டிக்க வேண்டாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். கூட்டம் நடந்த நாளில் "இன்று என்ன சொல்லிக்கொடுத்தார்கள்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "யாராவது எழுந்து பேசினார்களா, நீ என்ன நினைத்தாய்?" என்று கேளுங்கள். பிள்ளைக்கு அந்த நேரம் உண்மையிலேயே கஷ்டமாக இருந்தால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், சேர்ந்து ஒரு வழி பார்ப்போம். நீங்களும் வந்து உட்கார விரும்பினால் அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்