வாய்மொழித் தேர்வு முடிந்த அன்றே ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். முனைவர் பட்டக் கோப்புகள் எந்த மேசையில் எவ்வளவு காலம் கிடக்கின்றன என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடந்த வாரம் உங்கள் அலுவலகத்தில் கிடைத்த பதில்தான் என்னை இப்படி வெளிப்படையாக எழுத வைத்தது.

முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்கான உதவித்தொகையான வெளிநாட்டு போஸ்ட்டாக் ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்க, ஆய்வேட்டைப் பற்றிய இறுதி வாய்மொழித் தேர்வில் தேறிவிட்டேன் என்று ஒரு கடிதம் கேட்டேன். "சிண்டிகேட் (பல்கலைக்கழக ஆட்சிக்குழு) ஒப்புதல் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி போஸ்ட்டாக் ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளன்று முனைவர் பட்டம் கையில் இருக்க வேண்டும். வாய்மொழித் தேர்வில் தேறியிருந்தால், பட்டம் முறைப்படி வழங்கப்படாவிட்டாலும் ஏற்கிறோம் என்று அவர்களே இறங்கி வருகிறார்கள். தேறியதற்கு ஆதாரம் கேட்டால் நாங்கள் எதைக் காட்டுவது? கடைசி நாளில் பிரஸ்ஸல்ஸ் நேரப்படி மாலை 5 மணிக்கு விண்ணப்பம் மூடப்படும். சிண்டிகேட் கூட்டம் தள்ளிப்போனது என்று சொல்லி அதைத் திறக்க வைக்க முடியாது.

இதைவிட உறுத்துவது தேதி விவகாரம். சான்றிதழ் எவ்வளவு தாமதமாக வந்தாலும், பட்டம் பெற்ற நாளாக அதில் நீங்கள் போடுவது வாய்மொழித் தேர்வு நடந்த நாளைத்தான். ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளை, போஸ்ட்டாக் பிரிவில் முனைவர் பட்டம் முடித்து 4 ஆண்டுக்குள் விண்ணப்பிக்கச் சொல்கிறது. அந்தக் கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது. தாள் மட்டும் வரவில்லை. உங்கள் மேசையில் கழிகிற ஒவ்வொரு மாதமும் எங்கள் தகுதிக் காலத்திலிருந்து கழிகிறது.

என்னைத் தம் ஆய்வகத்தில் சேர்த்துக்கொள்ள ஒப்புக்கொண்ட பேராசிரியர் என் ஆய்வுத் திட்டத்தை வரிவரியாகத் திருத்திக் கொடுத்தார். இப்போது அவரிடமிருந்து வரும் மின்னஞ்சலில் ஒரே கேள்விதான்: "கடிதம் கிடைத்ததா?" அவருடைய உழைப்பும் சேர்ந்து வீணாகிறதே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கட்டணம் கட்ட ஒரு நாள் பிந்தினால் எங்களுக்கு அபராதம். ஆய்வேட்டில் ஓரத்து இடைவெளி சரியில்லை என்றால் திரும்ப பைண்டிங். ஆய்வேட்டை மதிப்பிடும் தேர்வாளரின் அறிக்கை மாதக்கணக்கில் வராவிட்டால் அதற்கு யார் பொறுப்பு? கேட்கப்போனால் "நீங்களே நினைவூட்டுங்கள்" என்கிறார்கள். தேர்வாளர் யாரென்றே எங்களுக்குத் தெரியக்கூடாது என்பதும் உங்கள் விதிதான்.

சரி, சொல்ல வந்ததை விட்டு எங்கோ போகிறேன். நான் கேட்பது பெரிய சலுகை இல்லை. வாய்மொழித் தேர்வு முடிந்த அன்றே, ஆய்வாளர் பெயர், ஆய்வேட்டின் தலைப்பு, தேர்வு நடந்த தேதி, தேறினார் என்ற ஒரு வரி, உங்கள் கையொப்பம், முத்திரை. ஆங்கிலத்தில் ஒரு பக்கம். "சிண்டிகேட் ஒப்புதலுக்கு உட்பட்டது" என்று அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.

அடுத்து நடக்கும் வாய்மொழித் தேர்விலிருந்தே இதை நடைமுறைப்படுத்துமாறும், ஏற்கெனவே தேறிக் காத்திருக்கும் எங்களுக்கு இந்த வாரத்துக்குள் அந்தக் கடிதத்தைத் தருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கடிதத்துக்காகக் காத்திருக்கும் ஆய்வாளர்