கடைசிக் காலத்தைப் பற்றிப் பேச வைத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

கடைசிக்காலப் பராமரிப்பை முன்கூட்டியே திட்டமிடுவது பற்றி எங்கள் முதியோர் குழுவில் நடந்த வகுப்புகள் நல்லபடியாக நிறைவடைந்தன. கைகொடுத்த எல்லோருக்கும் குழுவின் சார்பில் நன்றி.

முதல் நன்றி, பயிற்சி பெற்று வந்து வகுப்பெடுத்த மூத்த தன்னார்வலர்களுக்கு. இதே விஷயத்தை ஓர் இளம் மருத்துவர் ஆரம்பித்திருந்தால், "அபசகுனமாப் பேசாதீங்க" என்று பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். நீங்களும் எங்கள் வயதுக்காரர்கள். உங்களில் ஒருவர் கடைசிக் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று எழுதிவைத்த தம்முடைய விருப்பப் படிவத்தையே எடுத்து வந்து, "போன வருஷம் எழுதினதை இப்ப மாத்தியிருக்கேன்" என்று அடித்தல் திருத்தலோடு காட்டினார். முடிவெடுக்கும் தெளிவு இருக்கும்வரை எழுதியதை மாற்றிக்கொள்ளலாம் என்பது அந்தத் தாளைப் பார்த்ததும்தான் பலருக்கு மனதில் பதிந்தது.

நடித்துப் பார்த்த பயிற்சியை யாரும் மறக்க மாட்டோம். தன்னார்வலர் ஐயா மகனாக உட்கார்ந்து, "இப்ப எதுக்கும்மா இதெல்லாம்? நாங்க பாத்துக்க மாட்டோமா?" என்றார். எதிரில் இருந்த அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "பாத்துப்பேப்பா. எப்படிப் பாத்துக்கணும்னு நான் சொல்லிட்டுப் போறேன்" என்றார். அன்றைக்கே வீட்டில் பேச்சை எடுத்தவர்கள் உண்டு.

பாலியேட்டிவ் கேர், அதாவது வலி தணிக்கும் பராமரிப்புச் செவிலியருக்குத் தனி நன்றி. எதையும் மறைக்காமல் சொன்னீர்கள். நெஞ்சை அழுத்தி உயிர் மீட்க முயலும்போது தளர்ந்த உடம்பில் விலா எலும்பு முறியக்கூடும். மறதிநோய் முற்றிய நிலையில் குழாய்வழி உணவு ஆயுளைக் கூட்டுவதாகத் தெரியவில்லை, பொறுமையாகக் கையால் ஊட்டுவதே நல்லது. வலி தணிக்கும் பராமரிப்பென்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று பயந்திருந்தோம். நோய்க்கான சிகிச்சையோடு சேர்த்தே அதைத் தரலாம் என்று விளக்கினீர்கள். 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் என்ற கடைசிக்காலப் பராமரிப்பு இல்லத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ், உடல்வலியோடு மனம், உறவு, நம்பிக்கை சார்ந்த வேதனையையும் சேர்த்தே வலியாகப் பார்த்தார் என்று நீங்கள் சொன்னபோது, பலர் தலையசைத்தார்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு, இதைத் தேர்ந்தெடு, அதை விட்டுவிடு என்று ஒருவரையும் நீங்கள் யாரும் வற்புறுத்தவில்லை. எல்லாச் சிகிச்சையும் வேண்டும் என்று எழுதியவருக்கும் அதே மரியாதை கிடைத்தது. என்னைப் பொறுத்தவரை, இந்த வகுப்புகளின் பெரிய பலம் அதுதான்.

நம்மால் சொல்ல முடியாமல் போனால் நமக்காகப் பேச மூத்த பிள்ளையைத்தான் நியமிக்க வேண்டும் என்பதில்லை, நெருக்கடியிலும் நம் விருப்பத்தைத் தயங்காமல் சொல்லக்கூடியவர் வேண்டும் என்று புரியவைத்தீர்கள். படிவத்தைப் பீரோவில் பூட்டாமல், அவரிடமும் மருத்துவரிடமும் நகல் கொடுக்கச் சொன்னீர்கள். சாட்சிக் கையெழுத்து விதிகளைப் பொறுமையாக விளக்கிய வழக்கறிஞருக்கும், கூடவே வந்து உட்கார்ந்து கேட்ட பிள்ளைகள், மருமக்களுக்கும் நன்றி.

அடுத்த பயிற்சிக்கு எங்கள் குழுவிலிருந்தே சிலர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களையும் உங்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
முதியோர் குழு ஒருங்கிணைப்பாளர்