ஓட்டில் விரிசல் விழுந்ததும் உரிக்க வேண்டாம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்களிடம் இன்குபேட்டர் (முட்டை பொரிக்கும் கருவி) வாங்கியவர்கள் அதிகம் அழைப்பது கோழி முட்டைக்கு 21-ஆம் நாள் நெருங்கும்போதுதான். "குஞ்சு முட்டையைக் கொத்தி ஆறு மணி நேரம் ஆச்சு, இன்னும் வெளியே வரலை, உடைச்சு விடலாமா?" என்று பதறிப்போய்க் கேட்கிறார்கள். வேண்டாம், பொறுங்கள் என்றுதான் அநேகமாகச் சொல்கிறோம். காரணத்தையும் சொல்லிவிடுகிறோம்.

குஞ்சு முதலில் முட்டையின் அகன்ற பக்கத்தில் உள்ள காற்றறைச் சவ்வைக் கிழித்து, உள்ளேயே மூச்சுவிடத் தொடங்கும். அதன் பிறகுதான் அலகு நுனியில் இருக்கும் சிறு முள்ளால் ஓட்டைக் கொத்தும். கொத்தியதும் அப்படியே கிடக்கும். 12 மணி நேரம், சில சமயம் 24 மணி நேரம்கூட ஆகும். சோர்ந்துவிட்டது என்று தோன்றும், ஆனால் முக்கியமான வேலை அப்போதுதான் நடக்கிறது. சவ்வில் ஓடும் ரத்தக் குழாய்கள் வற்ற வேண்டும். மிச்சமுள்ள மஞ்சள் கரு வயிற்றுக்குள் போய்ச் சேர வேண்டும். அதற்குள் ஓட்டை உரித்தால் குழாய் அறுந்து ரத்தம் கொட்டும். மஞ்சள் கருப் பை வெளியே தொங்க வந்த குஞ்சு பிழைப்பது அரிது.

18-ஆம் நாள் முட்டைகளைத் திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65 முதல் 70 சதவீதத்துக்கு ஏற்றுங்கள். அப்புறம் மூடியில் கை வைக்காதீர்கள். திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈரக் காற்று வெளியேறி, கொத்திய முட்டையின் சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். உதவப் போய் குஞ்சைச் சிக்கவைப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

சரி, எப்போதுதான் உதவலாம்? கொத்தி 24 மணி நேரம் தாண்டியும் துளை பெரிதாகவில்லை, சவ்வு பழுப்பேறித் தோல் போல இறுகிவிட்டது என்றால் உதவலாம். சுற்றிலும் உடைக்கத் தொடங்கிப் பாதியில் பல மணி நேரம் நின்றுவிட்டாலும் உதவலாம். கையைக் கழுவி, பஞ்சுக் குச்சியை வெதுவெதுப்பான நீரில் தொட்டுச் சவ்வை நனையுங்கள். மூக்குத் துளைக்குள் நீர் இறங்கிவிடக் கூடாது. நனைந்த சவ்வில் ரத்தக் குழாய் சிவப்பாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் உடனே நிறுத்தி, முட்டையை உள்ளே வைத்துச் சில மணி நேரம் விடுங்கள். தெரியாவிட்டால் துளையிலிருந்து தொடங்கி, காற்றறையின் விளிம்பை ஒட்டி ஓட்டைத் துண்டு துண்டாக எடுங்கள். அலகும் தலையும் விடுபட்டதும் போதும். மீதியைக் குஞ்சே உதைத்துத் தள்ளட்டும். இழுத்து வெளியே எடுக்கவே கூடாது.

வெளியே வந்த குஞ்சு ஈரம் காய்ந்து பஞ்சு போல ஆகும்வரை உள்ளேயே இருக்கட்டும். உள்ளே போன மஞ்சள் கரு ஓரிரு நாள் தாங்கும், தீனிக்கு அவசரமில்லை. புரூடரை (குஞ்சுகளைக் கதகதப்பாக வைக்கும் பெட்டி) முன்கூட்டியே 35 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி வைத்திருங்கள்.

சந்தேகம் வந்தால், ஓட்டைத் தொடும் முன் எங்களை அழையுங்கள்.

அன்புடன்,
உங்கள் இன்குபேட்டர் கடையினர்