மவுஸைப் பிடுங்காதே, தம்பி

வெள்ளவத்தை,
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

போன கிழமை நீ போனில் சொன்னது இன்னும் காதுக்குள் நிற்கிறது. "இந்த வயசில ஏன் அம்மா ஸ்மார்ட் போர்டோட மல்லுக்கட்டுறீங்கள்? பேசாமல் பென்சனை எடுத்துக்கொண்டு இங்க வாங்கோ." அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். உனக்கு வேலைக்குப் போக நேரம், எனக்கு அடுப்பில் கறி. ஆனால் கேட்டவனுக்குப் பதில் சொல்ல வேண்டுமல்லவா, ஆறுதலாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைக் கவனித்தாயா? இந்தக் கடிதம் உன் போனில் தமிழாகவே திறந்திருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் என்றால் திறந்திராது. அப்போதெல்லாம் எனக்குத் தெரிந்தது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு மட்டும்தான். தவணைப் பரீட்சைக்கு முன் தரம் 10க்கு ஒரு புவியியல் வினாத்தாள் அடித்து வட்ஸ்அப்பில் போட்டேன், அதுவும் இரவு பதினொரு மணிவரை கண்விழித்து. அடுத்த நாள் இடைவேளையில் ஒரு பிள்ளை வந்து நின்றாள். "டீச்சர், பேப்பர் வந்தது, ஆனா வாசிக்க ஏலாது." அவளுடைய அப்பாவின் போனை வாங்கிப் பார்த்தேன். முழுக்க ஆங்கில எழுத்துகள், இடையிடையே அரைப்புள்ளிகள். ஒரு வரிகூட விளங்கவில்லை.

அவளே விளங்கப்படுத்தினாள்: "உங்கட கொம்பியூட்டர்ல இருக்கிற எழுத்துரு எங்கட போன்ல இல்லை டீச்சர். பாமினியில நீங்க 'அம்மா' என்று அடிச்சா, உண்மையில அதுக்குள்ள இருக்கிறது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த எழுத்துரு இருந்தாத்தான் அது அம்மாவாத் தெரியும்."

முப்பது வருடமாக அம்மா என்று நினைத்து அடித்ததெல்லாம் எம், கே, அரைப்புள்ளி! எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. சுற்றி நாலு பிள்ளைகள் வேறு நின்றார்கள்.

பள்ளிக்கூடம் விட்டபிறகு அவளைக் கணினி அறைக்கு வரச் சொன்னேன். எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் விசைப்பலகையைப் போடச் சொல்லித் தந்தாள். நான் சொல்ல வந்தது இதைத்தான்: அவள் ஒரு தடவைகூட மவுஸைத் தொடவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, என் கதிரைக்குப் பக்கத்தில் நின்றாள். "வலப்பக்கம், டீச்சர்... இன்னும் கொஞ்சம் கீழ... அதில்லை, அதுக்கு மேல." நான் பிழையானதை அழுத்தினால் பேசாமல் நிற்பாள். நானே கண்டுபிடித்துத் திரும்பி வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு நிமிட வேலைக்கு முக்கால் மணித்தியாலம் ஆனது. ஆனால் அதன்பிறகு நான் அதை யாரிடமும் கேட்கவில்லை. விரல் பழக மட்டும் மூன்று கிழமை பிடித்தது.

கோபிக்காதே, அன்றைக்கு உன்னைத்தான் நினைத்தேன். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடியபோது நீ வீட்டில்தானே இருந்தாய். சூமில் வகுப்பு வைக்க வேண்டும் என்று உன்னைக் கூப்பிட்டால், "விடுங்கோ அம்மா, நான் செய்யிறன்" என்று மவுஸைப் பிடுங்கி டக் டக்கென்று நாலு இடத்தில் அழுத்திவிட்டுப் போய்விடுவாய். வேலை முடிந்துவிடும். அடுத்த நாள் காலையில் நான் அதே இடத்தில் நிற்பேன். உன்னில் பிழை என்று சொல்ல மாட்டேன். நானும் அப்படித்தான். வகுப்பில் ஒரு பிள்ளை பலகையில் இலங்கைப் படம் கீறும்போது புத்தளம் பக்கம் வீங்கினால் போதும், "கொண்டா" என்று வெண்கட்டியைப் பிடுங்கி நானே கீறி முடிப்பேன். எத்தனை பிள்ளைகளிடம் பிடுங்கியிருப்பேனோ!

இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லோரும் கணினிப் புலிகள் என்று நீ நினைப்பாய். அதுவும் முழுக்கச் சரியில்லை. ஊரடங்குக் காலத்தில் மட்டக்குளியிலிருந்து வரும் ஒரு பையன் இரவு பத்து மணிக்குப் பிறகுதான் பதில் அனுப்புவான். மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே போன், அதுவும் அப்பா புறக்கோட்டையில் மூட்டை தூக்கிவிட்டு வந்த பிறகுதான் கைக்குக் கிடைக்கும். அவனுக்காகத்தான் நான் சூமை விட்டுவிட்டு வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பத் தொடங்கினேன். டேட்டாவுக்கு என் கைக்காசு. 2021 ஜூலையில் சம்பளப் பிரச்சினைக்காக நாங்கள் ஆசிரியர்கள் ஒன்லைன் வகுப்பைவிட்டு விலகி நின்றபோது, கீழ்மாடி அன்ரிகூட "உங்களுக்கென்ன, வீட்டிலதானே இருக்கிறீங்கள்" என்றா. அதை எழுதப்போனால் இன்னொரு கடிதம் வேண்டும், விடு.

ஸ்மார்ட் போர்டின், அதுதான் அந்தப் பெரிய கணினித் திரைப் பலகையின், கதைக்கு வருகிறேன். பழைய மாணவர்கள் காசு சேர்த்து வாங்கித் தந்தது. விற்ற கம்பனியிலிருந்து ஒருவர் வந்து ஒன்றரை மணித்தியாலம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் விளங்கப்படுத்திவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஆள் இல்லை. அதன் பேனை தொலைந்துவிடும் என்று அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள். திறப்பு இருக்கும் ஆசிரியர் லீவு என்றால் போர்டும் லீவு. ஏழெட்டு மாதம் அதன்மேல் துணி போட்டு மூடியிருந்தது. தைரியம் வந்து துணியை எடுத்தது நான்தான். பொறுப்புக்குப் பிள்ளைகளிலேயே இரண்டு பேரைப் போட்டேன். அவர்கள் கருவியைப் பார்ப்பார்கள், நான் பாடத்தைப் பார்ப்பேன்.

ஒருநாள் கரையோர மாற்றங்கள் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கூகுள் ஏர்த்தில் கொழும்புக் கடற்கரைக் காலிமுகத்திடலைக் காட்டினேன். பின்வாங்கில் இருக்கும் பையன் எழும்பி, "டீச்சர், அதில வருசத்தைப் பின்னால தள்ளலாம்" என்றான். எனக்குத் தெரியாது. "எப்படி? சொல்லு, நான் செய்கிறேன்" என்றேன். (நான் எவ்வளவு முன்னேறிவிட்டேன் பார்.) தள்ளத் தள்ள, கடலை நிரப்பி உண்டாக்கிய துறைமுக நகரம் முதலில் வெறும் மணலாகியது, பிறகு அரைகுறைத் திடலாகியது, 2014க்கு முன்னால் போனபோது கடல்! 269 ஹெக்டேர் நிலம், கண் முன்னால் தண்ணீராகிவிட்டது. அந்தப் பிள்ளைகள் அதற்குச் சற்று முன்பின் பிறந்தவர்கள். அவர்களுக்கு அந்த மணல்மேடு எப்போதும் அங்கே இருந்த ஒன்று. நானோ உன்னையும் கூட்டிக்கொண்டு இறால் வடை வாங்கித் தின்றபடி அங்கே வெறும் கடலைப் பார்த்து நின்றவள். அன்றைக்கு மணி அடித்தும் ஒருவரும் எழும்பவில்லை.

ஆனால் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோட்டைப் படிப்பிக்க இன்னும் உருளைக்கிழங்குதான். சிவனொளிபாத மலையைத் திரையில் சாய்த்துச் சாய்த்துக் காட்டலாம், வடிவாகத்தான் இருக்கும். கிழங்கை வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தாளில் வைத்துச் சுற்றிக் கீறினால்தான் கோடுகள் ஏன் ஒன்றையொன்று வெட்டுவதில்லை என்று கைக்கு விளங்குகிறது.

அப்புறம் சட்ஜிபிடி, கேட்டதை எழுதித் தரும் செயற்கை அறிவுச் செயலி. அதுவும் வந்துவிட்டது. போன தவணை ஒப்படையில் ஒருவன் வெள்ள அனர்த்த முகாமைத்துவம் பற்றி அழகாக எழுதியிருந்தான், ஒரு எழுத்துப்பிழை இல்லை. நிவாரணப் பணிகளை "மாவட்ட ஆட்சியர்" மேற்பார்வை செய்கிறாராம், "மாநில அரசு" நிதி ஒதுக்குகிறதாம். கூப்பிட்டுக் கேட்டேன்: "தம்பி, களனி கங்கை எப்போது தமிழ்நாட்டுக்குப் போனது?" அவனுக்கு விளங்கவில்லை. இங்கே மாநிலம் ஏது, 9 மாகாணமும் 25 மாவட்டமும்தானே, ஆட்சியருக்குப் பதில் அரசாங்க அதிபரல்லவா என்றதும்தான் தலையைச் சொறிந்தான். தண்டிக்கவில்லை. அந்த ஒப்படையையே வகுப்பில் திரையில் போட்டு, எங்கெங்கே பிழை என்று எல்லோரையும் தேட வைத்தேன். நான் கண்டது ஏழு, பிள்ளைகள் கண்டது ஒன்பது. எழுதியவனே இரண்டு பிடித்தான்.

இதுதான் தம்பி என் பதில். அறுபதுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, இருந்துவிட்டே வருகிறேன். குளிர்காலம் முடிகிற நேரமாகப் பார்த்து டிக்கெட் போடு.

ஒரு உதவி வேண்டும். நீ விட்டுப்போன பழைய லப்டொப்பை எடுத்தேன், கடவுச்சொல் கேட்கிறது. அது என்னவென்று அனுப்பு. பிறகு அதில் தமிழ் விசைப்பலகை போட வேண்டும். போன தடவைபோல அங்கிருந்தபடியே என் திரைக்குள் புகுந்து அம்புக்குறியை ஓட்டி நீயே முடித்துவிடாதே. எதை அழுத்த வேண்டும் என்று மட்டும் சொல்லு. மிச்ச நேரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரு.

சாப்பாட்டைக் கவனி.

அன்புடன்,
அம்மா