குடைந்த பாறையும் அதன் மேல் நிற்கும் கல்தூணும்

அன்புள்ள யாழினிக்கு,

நேற்று அம்மாவும் நானும் ரோமில் நவோனா சதுக்கத்துக்குப் போனோம். மற்ற இடங்களைப் பற்றியெல்லாம் போனில் சொல்லிவிட்டேன். இதை மட்டும் எழுதினால்தான் எனக்குத் திருப்தியாக இருக்கும், கண்ணு.

சதுக்கம் என்று பேரே தவிர, நீண்டு கிடக்கிற இடம். ஒரு முனை வளைந்திருக்கிறது. முதல் நூற்றாண்டில் டொமிஷியன் பேரரசர் அங்கே ஓட்டப்பந்தய அரங்கு கட்டினாராம். பார்வையாளர் படிகள் இருந்த இடத்தில் பின்னால் வீடுகள் எழும்பிவிட்டன. ஓடுகளம் மட்டும் திறந்தவெளியாக நின்றுவிட்டது. அதன் நடுவில்தான் இத்தாலியச் சிற்பியும் கட்டடக் கலைஞருமான பெர்னினி செய்த நான்கு நதிகளின் நீரூற்று இருக்கிறது. 1648-ல் ஆரம்பித்து 1651-ல் முடித்திருக்கிறார்கள்.

நைல், கங்கை, டான்யூப், தென் அமெரிக்காவின் ரியோ டி லா பிளாட்டா. இந்த நான்கும் பெரிய பளிங்கு மனிதர்களாக ஒரு பாறையைச் சுற்றி உட்கார்ந்திருக்கின்றன. அன்றைக்கு ஐரோப்பியருக்குத் தெரிந்த கண்டங்களுக்கு ஆளுக்கு ஒரு நதி. நைலின் தலையைத் துணி மூடியிருக்கிறது. அந்த நதி எங்கே பிறக்கிறது என்று அப்போது அவர்களுக்குத் தெரியாது. அம்மா நேராகக் கங்கையிடம் போய் நின்றுவிட்டாள். தாடி வைத்த ஆண், கையில் நீளமான துடுப்பு. செதுக்கியவர் குளோட் பூசான் என்ற பிரெஞ்சுச் சிற்பி. "கங்கம்மாவை எதுக்குங்க ஆம்பளையா செஞ்சு வெச்சிருக்காங்க?" என்று அம்மாவுக்கு ஒரே வருத்தம். ரோமானியர் காலத்திலிருந்தே இந்த ஊரில் நதியைத் தாடிக்காரராகத்தான் செதுக்குவார்கள் என்று சொன்னேன். அவள் சமாதானமாகவில்லை.

நான் பார்த்துக்கொண்டே நின்றது பாறையைத்தான். டிராவர்டைன் என்ற சுண்ணாம்புக் கல்லில் செய்த அந்தப் பாறையைப் பெர்னினி அடியில் குகை மாதிரி குடைந்திருக்கிறார். இந்தப் பக்கம் குனிந்து பார்த்தால் அந்தப் பக்கத்து ஆட்கள் தெரிகிறார்கள். அதற்கு நேர் மேலே, 16 மீட்டருக்கும் உயரமான கிரானைட் தூண்! ஆப்பியன் சாலை என்ற பழைய ரோமானியச் சாலையோரம் உடைந்து கிடந்ததைக் கொண்டுவந்து, துண்டுகளை ஒட்டி நிறுத்தியிருக்கிறார்கள். பாரம் முழுவதும் நேராக இறங்க வேண்டிய இடத்தில் கல்லே இல்லை. வெளிச்சமும் தண்ணீரும்தான் இருக்கின்றன. சுமை நாலு பக்கமும் பிரிந்து இறங்குகிறது. இதையெல்லாம் நீ எனக்கு விளக்க வேண்டியது, நான் உனக்குச் சொல்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த வேலைக்கு இரண்டு வருஷம் முன்னால், 1646-ல், பெர்னினி கட்டிய மணிக்கோபுரத்தை இடித்துத் தள்ளியிருந்தார்கள். புனித பேதுரு பேராலயத்தின் முகப்பில் அவர் எழுப்பிய கோபுரம் அது. அடியில் மண் சரியில்லை, முகப்பில் விரிசல் விட்டது. அவரை ஆதரித்த போப் எட்டாம் அர்பன் 1644-லேயே இறந்துவிட்டார். அடுத்து வந்த பத்தாம் இன்னொசென்ட்டுக்கு இவரைப் பிடிக்கவில்லை. ஊர் முழுக்கப் பேச்சு. நீரூற்று வேலையில் முதலில் போப்பின் மனதில் இருந்தவர் பெர்னினிக்குப் போட்டியான கட்டடக் கலைஞர் பொரோமினி. நான்கு நதி என்ற யோசனையே அவருடையது என்கிறார்கள். பெர்னினியின் மாதிரியைப் போப்பின் கண்ணில் படுகிற இடத்தில் யாரோ வைக்கப்போய்த்தான் வேலை இவர் கைக்கு வந்ததாம்.

விரிசலால் மானம் போன மனிதர், அடுத்த வேலையில் அடிப்பாகத்தையே குடைகிறார். தூண் விழுந்துவிடும் என்று ஊர் பயந்தபோது, அவர் வந்து பார்த்துவிட்டு, நாலு மெல்லிய கயிறுகளால் அதைப் பக்கத்து வீடுகளோடு கட்டிவிட்டு நிம்மதியாகப் போனார் என்று ஒரு கதை சொல்கிறார்கள். கதை எப்படியோ, தூண் நிற்கிறது.

நீ வரைந்துகொடுத்த நூலகத்தின் கூரையில் விரிசல் விட்டு, அலுவலகம் அந்த வேலையை வேறொருவரிடம் கொடுத்த பிறகு, "இனி காம்பவுண்டு சுவரும் கார் நிறுத்துமிடமும் போதும்ப்பா" என்றாய். அன்று நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன்: அது எனக்குச் சம்மதமில்லை. ஏன் விரிசல் விட்டது என்று கண்டுபிடித்துவிட்டாய், எனக்குத் தெரியும். கண்டுபிடித்ததை எங்கே பயன்படுத்தப் போகிறாய்?

இதில் எனக்கு ஒரு உறுத்தலும் உண்டு. பஞ்ச காலத்தில், ரொட்டிக்கு வரி போட்ட காசும் சேர்ந்து எழுந்த நீரூற்று இது. எங்களுக்குத் தூண் வேண்டாம், ரொட்டி கொடுங்கள் என்று ஜனங்கள் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை நான் மறந்துவிட முடியாது. நீ வரைந்தது அப்படிப்பட்டதில்லை. கிராமத்துப் பிள்ளைகள் நடுவில் தூண் குறுக்கிடாமல் உட்கார்ந்து படிக்க ஒரு பெரிய கூடம். அதனால்தான் அது முடங்கிக் கிடப்பது எனக்கு ஆற்றவில்லை.

நாங்கள் வெள்ளிக்கிழமை கோவை வந்துவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வா. அந்த வரைபடத்தைத் திருத்தாமலே எடுத்து வா. சுமை எங்கே தப்பான இடத்தில் இறங்கியது என்று எனக்குக் காட்டு. அப்புறம் பென்சிலை எடு.

அன்புடன்,
அப்பா