கால்நடை வளர்ப்போர் சங்கம், கொழிஞ்சாம்பாறை வட்டாரம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, காலைப் பாலை ஊற்றிவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான அலுவல்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. கோமாரித் தடுப்பூசி முகாம் இரண்டு சுற்றும் நடந்தது. மூலத்தறை அணையிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் வந்தவரை பசும்புல்லுக்குக் குறைவில்லை. அடைத்த பிறகு பொள்ளாச்சிப் பக்கமிருந்து சோளத்தட்டு வாங்கிச் சமாளித்தோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு விரிவாகச் சொல்ல வேண்டியது, பால் சொசைட்டி ஒலிபெருக்கியில் காலை பால் ஊற்றும் நேரத்தில் கேட்கும் கால்நடைச் செய்தி பற்றித்தான். அதைப் பேசுபவர் நம் உறுப்பினர் ஒருவரின் மகள். மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறார். விடுமுறைக்கு வரும்போது செல்போனில் பதிவு செய்து கொடுப்பார், நாம் ஒலிபரப்புவோம்.

தொடக்கத்தில் அவர் பாடப்புத்தகத்தில் இருப்பதைத்தான் வாசித்தார். நோயின் பெயர், கிருமியின் பெயர், தடுப்பு முறைகள் என்று எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் கேனை வைத்துவிட்டு ஒருவரும் நிற்கவில்லை. மூத்த உறுப்பினர் ஒருவர் அவரைக் கூப்பிட்டு, "அம்மிணி, நீ சொல்றதெல்லாம் நல்லாத்தான் இருக்குது. வெடியால மாட்டுக்கிட்டப் போய் நின்னா, மொதல்ல என்ன பண்ணோணும்? அதைச் சொல்லு சாமி" என்றார். அந்தப் பெண் மறுநாள் விடியலிலேயே அவர் தொழுவத்துக்குப் போய்விட்டார். கறவை முடியும்வரை கூடவே இருந்து பார்த்தார்.

அதற்குப் பிறகு வந்த மடிநோய்ச் செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு மூன்று பீச்சைக் கறுப்புத் துணியில் பீய்ச்சிப் பாருங்கள்; திரிதிரியாகத் தெரிந்தால் அந்தப் பாலைக் கேனில் சேர்க்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். கறந்து முடித்த பின் காம்புத் துவாரம் மூட அரை மணி நேரம் ஆகும். அதன் வழியே கிருமி ஏறாதபடி, அதுவரை மாடு படுக்காமல் இருக்கப் பசுந்தீவனத்தை அப்போது போடுங்கள். சொன்னது இவ்வளவுதான். கறக்கும்போதே தீவனம் முழுவதையும் வைத்து முடித்துவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இப்போது ஒரு கட்டுப் புல்லைத் தனியே எடுத்து வைக்கிறோம். பல தொழுவங்களில் இதை நானே பார்த்தேன்.

சீம்பால் பற்றிய பதிவு இன்னொரு வகை. நஞ்சுக்கொடி விழுந்த பிறகே கன்றுக்குப் பால் விட வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அதை மறுத்துப் பேசாமல், அப்படிச் சொல்லும் ஓர் அம்மாவையே ஒலிவாங்கி முன் உட்கார வைத்தார் இந்தப் பெண். அம்மா கேள்வி கேட்க, இவர் பதில் சொன்னார். தாயின் எதிர்ப்புச் சக்தி வயிற்றில் இருக்கும்போது கன்றுக்குப் போய்ச் சேராது, சீம்பால் வழியாகத்தான் சேரும். அதை உறிஞ்சும் திறன் கன்றின் குடலுக்கு முதல் நாளோடு போய்விடும். அதனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் ஊட்ட வேண்டும், 25 கிலோ கன்றுக்கு அன்றைக்கு இரண்டரை லிட்டர் என்று விளக்கினார். "அப்ப நானு இத்தனை நாளும் கன்னுக்குட்டியப் பட்டினி போட்டனா கண்ணு?" என்று அந்த அம்மா கேட்டது அப்படியே ஒலிபரப்பானது. கேனோடு நின்றவர்கள் யாரும் அசையவில்லை. இதுவரை வந்தவற்றில் சிறந்த பதிவு அதுதான் என்பது என் கருத்து.

கோவை வானொலிக்கு ஒரு குரல் பதிவுக்காகவும் அவர் போய் வந்தார். தாளைப் புரட்டும் சத்தம் கேட்கக் கூடாது, மூச்சு ஒலிவாங்கியில் படக் கூடாது, ஒரு நிமிடத்தில் மூன்று அளவுகளைச் சொன்னால் கேட்பவர் மனதில் ஒன்றும் நிற்காது என்று அங்கே கற்றதை நம் ஒலிபரப்பிலும் கடைப்பிடிக்கிறார். 1960களில் ஆடுதுறை 27 நெல் வானொலி வழியே பரவியதால், தஞ்சைப் பக்கம் அதை ரேடியோ நெல் என்றே அழைத்தார்கள். காதில் விழும் சொல்லுக்கு அந்த வலு உண்டு.

அவர் இன்னும் மாணவிதான். மருந்தின் பெயரோ ஊசி அளவோ ஒருபோதும் சொல்வதில்லை. வறட்சியில் வாடிய இளஞ்சோளத்தை மேய்ந்த மாடு மூச்சு வாங்கித் தள்ளாடினால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவரை அழையுங்கள், அல்லது கால்நடை மருத்துவ உதவி எண் 1962-க்குக் கூப்பிடுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். இந்தக் கட்டுப்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். பேச்சு முழுக்க நம் ஊர்த் தமிழிலேயே இருப்பதால் வீட்டுப் பெண்களும் கேட்கிறார்கள். மாட்டைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தானே.

தேர்வுக் காலத்தில் ஒலிபரப்பு நின்றுபோகிறது. எனவே நல்ல ஒலிப்பதிவுக் கருவி ஒன்று வாங்கவும், பள்ளிப் படிப்பு முடித்த நம் பிள்ளைகள் இருவரை அவரிடம் பயிற்சிக்கு விடவும் பொதுக்குழு அனுமதி தர வேண்டும் என்று கேட்டு, இவ்வறிக்கையை ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்