ஆனி, ஆடிக் காற்றில் குளத்துப் படகுச் சவாரியை நிறுத்தும் அதிகாரத்தைப் படகோட்டியிடம் கொடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற படகோட்டி ஒருவரும் ஊர்ப் பொதுமக்களும்
(பெயர், முகவரி, கையொப்பங்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன),
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.

பொருள்: எங்கள் ஊர்க் குளத்தில் நடக்கும் படகுச் சவாரி – காற்று மிகுந்த நேரத்தில் படகுகளை நிறுத்தும் அதிகாரம், படகுத்துறையின் இடம், படகோட்டிகளுக்குப் பயிற்சி – நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் ஊர்க் குளத்துக்குப் படகு வந்தபோது முதலில் மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே இது படகுச் சவாரியை மூடச் சொல்லும் மனு அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சவாரியால் கரையோரத்தில் நாலு கடைகள் பிழைக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக ஊருக்குள் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அது நல்லபடியாக நடக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

எனக்கு வயது 66. காரையாறு அணையில் பாணதீர்த்தம் அருவியைப் பார்க்கப் பயணிகளைப் படகில் ஏற்றிச் சென்ற காலத்தில் அங்கே 11 ஆண்டுகள் மோட்டார் படகு ஓட்டினேன். பிறகு அந்தச் சவாரி நின்றுபோனது. புலிகள் காப்பகத்துக்குள் எஞ்சின் சத்தம் எதற்கு என்று கேட்டால் என்னிடமும் பதில் இல்லை. ஆனால் மலை இடுக்கிலிருந்து திடீரென்று இறங்கும் காற்றில் சிறிய படகை எப்படிக் கொண்டுசெல்வது என்பதை அந்த அணைதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. அந்தத் தகுதியில்தான் இந்த மனு.

கடந்த ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணி அளவில் என் மகளும் 9 வயதுப் பேத்தியும் மிதிபடகில் ஏறினார்கள். ஏறும்போதே மேற்கிலிருந்து வரும் மேல்காற்று வீசிக்கொண்டிருந்தது. கால் மணி நேரத்தில் குளம் முழுவதும் அலையின் தலை வெளுத்துவிட்டது. மிதிபடகுக்கு மேலே வெயிலுக்காகக் கட்டியிருக்கும் கூரை, காற்று வந்தால் பாயாக மாறிவிடும். அடியோ தட்டை. அலையில் படகு எழும்பும்போதெல்லாம் மிதிசக்கரம் தண்ணீரை விட்டு வெளியே வந்து வெறுமனே சுற்றியது. இருவரும் மூச்சு வாங்க மிதித்தார்கள். படகு துறைக்கு வராமல், கரையோரமாக, உபரித் தண்ணீர் வழியும் மறுகால் பக்கம் நகர்ந்துகொண்டே போனது. அங்கே கரைக்குக் கல் பதித்திருக்கிறது.

அவர்களை மீட்க மோட்டார் படகில் ஒரு பையன் புறப்பட்டான். ஏற்கெனவே ஏறியிருந்த மூன்று பயணிகளை இறக்கிவிடக்கூட அவனுக்கு நேரம் தரப்படவில்லை. வேகமாக வந்தவன், மிதிபடகின் அருகில் கயிறு எறிவதற்காகப் படகைப் பக்கவாட்டில் திருப்பினான். அடுத்தடுத்து இரண்டு அலைகள் விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்தன. பயணிகள் மூவரும் பயந்து எழுந்து ஒரே பக்கமாக வந்தார்கள். எஞ்சினும் நின்றது. கரையில் நின்று, “உட்காருங்கள், பலகையில் வேண்டாம், அடியில் உட்காருங்கள்” என்று கத்துவதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வைக்கோல் வண்டியில் இருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஊர்ப் பையன்கள் இருவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கியதால் இரண்டு படகுகளும் கரைசேர்ந்தன. கல்லில் உரசிப் பேத்தியின் முழங்கையில் தோல் போனது. அவ்வளவோடு முடிந்தது.

அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபது வயதுகூட இருக்காது. பிறகு அவனிடம் பேசியபோது ஒன்று தெரிந்தது. அரை மணி நேரத்துக்கு முன்பே அவன் டிக்கெட் கொடுப்பவரிடம், “காற்று கூடிவிட்டது அண்ணாச்சி, நிறுத்திவிடலாமா?” என்று கேட்டிருக்கிறான். “வரிசையில் இருபது பேர் நிற்கிறார்கள், இவர்களை முடித்துவிட்டுப் பார்க்கலாம்” என்று பதில் வந்திருக்கிறது. ஐயா, என் மனு முழுவதும் இந்த இரண்டு வரிகளைப் பற்றியதுதான். தண்ணீரைப் பார்த்தவனுக்கு நிறுத்தும் அதிகாரம் இல்லை. அதிகாரம் இருந்தவர் பார்த்தது வரிசையை.

குளம்தானே, பத்து பன்னிரண்டு அடி ஆழத்தில் என்ன அலை வந்துவிடும் என்று அதிகாரிகள் நினைக்கக்கூடும். ஆழம் குறைந்த நீரில் வரும் அலை உயரமாக இருக்காது என்பது சரி. ஆனால் அது செங்குத்தாகவும் நெருக்கமாகவும் வரும். ஓர் அலையில் ஏறி இறங்கிய படகு நிமிர்வதற்குள் அடுத்தது வந்து இடிக்கும். கடலில் நீண்ட அலையின் மேல் ஏறி இறங்கிப் பழகியவர்கள்கூட ஏரியில் தடுமாறுவது இதனால்தான். தவிர, நம் குளங்களின் அமைப்பையும் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது. எனவே தண்ணீர் வந்து சேரும் உள்வாய் மேற்கே, அதைத் தேக்கும் கரை கிழக்கே. கார் சாகுபடிக்குக் கால்வாயில் தண்ணீர் வந்து குளம் நிரம்பும் அதே ஆனி, ஆடியில்தான் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்றும் வருகிறது. உள்வாயில் கருவேல மரங்களின் மறைவில் தண்ணீர் அசையாமல் கிடக்கும். அங்கே தொடங்கும் சிற்றலை, தடுப்பார் இல்லாமல் குளத்தின் நீளம் முழுவதும் ஓடி வளர்ந்து கிழக்குக் கரையில் வந்து மோதும். மோதியது சும்மா இராது. பதித்த கல்லில் பட்டுத் திரும்பி, வரும் அலையோடு முட்டி, கரையோரத் தண்ணீரைக் கொதிக்கும் உலை போல ஆக்கிவிடும். படகுத்துறையைச் சரியாக அந்த இடத்தில்தான் கட்டியிருக்கிறார்கள். ரோடு அந்தப் பக்கம் இருக்கிறது, வண்டி நிறுத்த வசதி என்று காரணம் சொல்கிறார்கள். வண்டிக்கு வசதியான இடம் படகுக்கும் வசதியாக இருக்க வேண்டும் என்று கட்டாயமா?

காற்றில் சிக்கிய சிறிய படகை ஓட்டுவதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. காரையாற்றில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மூத்த படகோட்டி, “அலைக்கு முகத்தைக் காட்டு, விலாவைக் காட்டாதே” என்பார். முகத்தைக் காட்டுவது என்றால் நேராகப் போய் முட்டுவதும் அல்ல. நேராகப் போனால் முகப்பு எழும்பித் தொப்பென்று விழும், தண்ணீரை அள்ளும். சுமார் 45 பாகை சாய்வில் ஏறி, வேகத்தைக் குறைத்து, சுக்கான் பிடி கொடுக்கும் அளவுக்கு மட்டும் எஞ்சினை ஓடவிட வேண்டும். திரும்ப வேண்டுமானால் பெரிய அலைகள் கடந்து, சற்று ஓய்வு கிடைக்கும் நேரம் பார்த்து ஒரே மூச்சில் திருப்ப வேண்டும். அலையை முதுகில் வாங்கிக்கொண்டு போவது சுகமாகத் தோன்றும். அதில்தான் ஆபத்து அதிகம். பின்னால் வரும் அலை படகின் பின்பக்கத்தைத் தள்ளி, குறுக்கே திருப்பிக் கவிழ்த்துவிடும். எஞ்சின் நின்றுவிட்டால் ஒரு வாளியில் நீளக் கயிற்றைக் கட்டி முகப்பிலிருந்து தண்ணீரில் போட வேண்டும். வாளி நீரைப் பிடித்து இழுப்பதால் படகு தானாகவே காற்றுக்கு எதிர்முகமாக நிற்கும். அந்தப் பையனின் படகில் வாளியும் இல்லை, கயிறும் ஆறடிதான்.

பயணிகள் நடுவில், தாழ்வாக உட்கார வேண்டும். உள்ளே புகுந்த தண்ணீரை உடனே இறைக்க வேண்டும். படகுக்குள் இருக்கும் தண்ணீர் மூட்டை போல ஓரிடத்தில் கிடக்காது. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடிப்போய்ச் சாய்வைக் கூட்டும். கவிழ்ந்தே போனாலும் படகைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கரை பக்கத்தில்தானே என்று நீந்தக் கிளம்பக் கூடாது. இவ்வளவையும் ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

மிதவைச் சட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை. துறையில் சட்டைகள் இருக்கின்றன. இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். பாதிக்கு மேல் கொக்கி உடைந்தவை, மீதியில் பெரியவர்கள் அளவே அதிகம். பேத்திக்கு மாட்டியிருந்த சட்டையைத் தோள்பட்டையில் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். காதுவரை வந்துவிட்டது. தண்ணீரில் விழுந்தால் சட்டை மேலேயும் பிள்ளை கீழேயும் இருப்பார்கள். படம் எடுத்துக்கொள்வதற்காக நடுக்குளத்தில் சட்டையைக் கழற்றுகிற பெரியவர்களை என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை.

தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்கைப் பார்க்க ஒரே பக்கமாகக் கூட்டம் சாய்ந்த படகு அது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காடு ஏரியில் 22 பேர். 2024 ஜனவரி 18 அன்று வதோதரா ஏரியில் சுற்றுலா வந்த பள்ளிக் குழந்தைகள். இவை எதுவும் நடுக்கடல் அல்ல. 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம், எஞ்சின் இல்லாத கலங்களுக்கும் தனி அத்தியாயம் வைத்திருக்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017இல் படகுப் பாதுகாப்புக்கென்றே வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. சட்டத்துக்குக் குறைவில்லை, எங்கள் துறைக்கு அது இன்னும் வந்துசேரவில்லை.

ஆகவே தாங்கள் ஆணையிட வேண்டும் என்று கேட்பது முதலாவதாக இது: காற்று கூடும்போது படகை நிறுத்தலாமா வேண்டாமா என்பதை அன்று பணியில் இருக்கும் மூத்த படகோட்டி ஒருவரே முடிவு செய்ய வேண்டும். டிக்கெட் கொடுப்பவரோ குத்தகைதாரரோ அதில் தலையிடக் கூடாது என்று குத்தகை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். அலையின் தலை வெளுக்கத் தொடங்கியதும் துறையில் சிவப்புக் கொடி ஏற வேண்டும். மிதிபடகுகள் அதற்கும் முன்பே, கரையோர மரக்கிளைகள் ஓயாமல் ஆடத் தொடங்கும்போதே, துறைக்குத் திரும்ப வேண்டும். கொடி ஏறினால் டிக்கெட் பணத்தை முழுவதுமாகத் திருப்பித் தர வேண்டும். இல்லாவிட்டால் பயணிகளே சண்டை போட்டு ஏறிவிடுவார்கள். அப்படி நிறுத்திய நாட்களுக்காகப் படகோட்டியின் கூலியில் பிடித்தம் செய்யக் கூடாது. கூலி போய்விடும் என்று பயப்படுகிறவன் கொடியைத் தொட மாட்டான்.

ஆனி முதல் ஆவணி வரை துறையை உள்வாய்ப் பக்கம் மாற்ற முடியுமா என்று நீர்வளத்துறைப் பொறியாளர்களைக் கொண்டு ஆராய வேண்டுகிறோம். முடியாதென்றால் பிற்பகல் 2 மணிக்குமேல் அந்த மூன்று மாதங்களும் சவாரி வேண்டாம். பயணிகளை ஏற்றாத மீட்புப் படகு ஒன்று, நீளக் கயிறும் வாளியும் துடுப்பும் மிதவை வளையமும் வைத்து எப்போதும் ஆளோடு நிற்க வேண்டும். குழந்தைகளின் அளவுக்கு, கால்களுக்கிடையே பட்டி உள்ள மிதவைச் சட்டைகள் வாங்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இடி கேட்டாலே துறையை மூடிவிட வேண்டும். இதற்கு விளக்கம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

பயிற்சியைப் பொறுத்தவரை, ஊர் இளைஞர்கள் பத்துப் பேருக்காவது தீயணைப்பு மீட்புத்துறை வழியாகக் கற்றுக்கொடுத்தால் அது சவாரிக்கு மட்டும் பயன்படாது. 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளத்தின்போது கடற்கரையிலிருந்து மீனவர்களும் படகுகளும் வந்துதான் நம் மக்களை மீட்டார்கள். குளமும் கால்வாயும் சூழ்ந்த ஊர்களில் எங்களுக்குப் படகு ஓட்டத் தெரியவில்லை என்பது அன்று வெட்கமாக இருந்தது. என்னை அழைத்தால் கூலி இல்லாமல் வந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுப்பேன். முழங்கால் வலி உண்டு. படகில் உட்கார்ந்தால் தெரியாது.

தாங்களோ தங்கள் அலுவலர்களோ நேரில் ஆய்வு செய்ய வந்தால் தயவுசெய்து காலையில் வர வேண்டாம். காலை 9 மணிக்கு எங்கள் குளம் கண்ணாடி போல இருக்கும். இந்த மனு எழுதியவனைப் பைத்தியக்காரன் என்று நினைத்துத் திரும்பிவிடுவீர்கள். ஆடி மாதத்தில் ஒரு நாள் பிற்பகல் 3 மணிக்கு வாருங்கள். துறையில் காத்திருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற படகோட்டி மற்றும் ஊர்ப் பொதுமக்கள்

இணைப்பு: கையொப்பத் தாள்கள், உடைந்த மிதவைச் சட்டைகளின் புகைப்படங்கள்.
நகல்: மாவட்டச் சுற்றுலா அலுவலர், மாவட்டத் தீயணைப்பு அலுவலர்.